ஒட்டிய ஒற்றை

புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் என் மகன் தன் வேட்டைத் துவக்கைக் கழற்றி, மரப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மரத்தூள் மணத்தது. வன்னியில் என்னைப் பெற்ற ஐயாவின் முற்றம் கண்முன் வந்தது.

ஐயாவின் துவக்கு கடையில் வாங்கிய நாளிலிருந்தே குறி தவறும். நல்லதாக வேறு வாங்க வசதியில்லை. குழல் மரத்தில் முட்டுவதுதான் குறை என்று, உடைந்த கண்ணாடித் துண்டால் மரத்தைச் சுரண்டுவார். பிறகு என் கொப்பியில் கிழித்த ஒற்றையை, அந்த ஒரு தாளை, குழலுக்கும் மரத்துக்கும் இடையில் விட்டு இழுக்க வேண்டும். சிக்காமல் வந்தால் சரி. இழுப்பது எப்போதும் அக்காதான்.

"மூத்தவளுக்குத்தான் கை நிதானம்" என்பார் ஐயா. எனக்கு வயிறு எரியும். நானும் இழுக்கட்டோ என்று கேட்கக் கூச்சம்.

ஒருநாள் இரண்டு ஒற்றைகளைச் சோற்றால் ஒட்டிக் கொடுத்தேன். சிக்கியது. அக்காவுக்கு ஏச்சு விழும் என்று பார்த்தேன்.

"இன்னும் முட்டுது பிள்ளை" என்று ஐயா திரும்பத் திரும்பச் சுரண்டினார். பொழுதுபடும்வரை அக்காவே இழுத்தாள்.

"ஆராவது இந்த ஒற்றையை இழுங்கோ" என்று இங்கே கூப்பிட்டான் மகன். கனடாவிலிருந்து வந்திருந்த அக்கா எழும்புமுன் நான் ஓடிப்போய் வாங்கினேன்.

அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். "இந்த முறை சோறு பூசேல்லைத்தானேயடி?"

அன்றைக்குத் தெரிந்தேதான், பொழுதுபடும்வரை ஐயாவின் பக்கத்திலேயே இருந்து இழுத்திருக்கிறாள். மறுபடியும் வயிறு எரிந்தது.