தகரத்தின் மேல் கல்

ஆடிக் காற்று மலையிடுக்கில் நுழைந்ததும், எங்கள் லயத்துக் கூரையில் கல்லும் தகரமும் உரசும் சத்தம், தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல விடிய விடியக் கேட்கும். தொண்ணூறுகளில், ஹல்துமுல்லைக்கு மேலேயிருந்த எங்கள் தோட்டத்தில், ஒரே நீளக் கூரையின் கீழ் சுவர் வைத்துப் பிரித்த ஒற்றை அறைகளில் குடியிருந்தோம். அந்த வரிசை "லயம்", அறையைக் "காம்பரா" என்போம். ஆணி இற்றுப்போன தகரங்களைக் காற்று பிய்த்துக்கொண்டு போகாதிருக்க, ஓடையிலிருந்து கல் சுமந்து வந்து மேலே ஏற்றி வைப்பார்கள். ஒரு வருடம் பக்கத்துக் காம்பராச் செல்வி அக்காவின் கூரை பறந்துபோய்த் தேயிலைக்குள் விழுந்தது. மறுநாளே அப்பா எங்கள் கூரைக்கு இன்னும் பெரிய கற்களை ஏற்றினார்.

"புள்ளைக்கு நேரா மேல கல்ல வச்சிட்டு எப்புடிங்க கண்ண மூடுறது?" ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்.

"கூரை போயிருச்சுன்னா கண்ண மூடவே வேணாம். நச்சத்திரத்த எண்ணிக்கிட்டுக் கெடக்கலாம்."

"எங்க பக்கமும் ரெண்டு போடுங்கண்ணே, கூரைதான் இல்ல" என்று செல்வி அக்கா சிரித்தார்.

அம்மா சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் சரிதான். அந்த வீட்டில் பாதுகாப்பு என்பது கையால் தூக்கி வைக்கவேண்டிய, கனமான ஒன்று. ஒரு பயத்திலிருந்து தப்ப, இன்னொரு பயத்தின் கீழே படுக்கவேண்டியிருந்தது.

காற்றுக் காலம் முழுவதும் அம்மா, மூன்று வயதுத் தங்கை சுமதியின் பாயைச் சுவரோரம், கல்லுக்கு விலக்கிப் போடுவார். ஐப்பசி மழையில் சுவர் கசிந்து அவளுக்கு இருமல் வரும் என்பதால், காற்று ஓய்ந்ததும் பாய் நடுவே வந்துவிடும். அப்படி வந்திருந்த ஒரு மத்தியானம், மழை விட்டிருந்தது, தேயிலையில் ஓர் இலைகூட அசையவில்லை. துருவேறி ஊறியிருந்த தகரம் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தது. கல் கீழே வந்தது. தூங்கிக்கொண்டிருந்த சுமதி எழும்பவேயில்லை.

அன்று மாலை, யாரும் சொல்லாமலே, லயத்து ஆண்கள் எல்லாக் கூரைகளிலிருந்தும் கற்களை உருட்டித் தள்ளினார்கள். மழைத்தண்ணீர் ஓடும் வாசலோரக் கானுக்குள் அவை அப்படியே கிடந்தன.

அடுத்த ஆனி முடிவதற்குள் ஒவ்வொரு கூரையிலும் கற்கள் மறுபடி ஏறின. எங்கள் கூரை மட்டும் வெறுமையாக இருந்தது. அப்பா ஏணியைத் தொடவில்லை. அம்மாதான் அதைக் கொண்டுவந்து சாத்தினார்.

"ஏறுங்க. இன்னொரு புள்ள இருக்குல்ல."

கானுக்குள் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவரே மேலே நீட்டினார்.

இன்று அந்த லயம் இல்லை, இடித்துவிட்டார்கள். ஆடியில் அங்கே போய் நின்றால் காற்று மட்டும் கேட்கிறது, கல் உரசும் சத்தம் இல்லை. பதுளையில் என் வீட்டுக்குக் காங்கிரீட் கூரை. என்னோடிருக்கும் அம்மா, காற்றடித்தாலும் அடிக்காவிட்டாலும், என் மகளின் பாயைச் சுவரோரமே போடுகிறார். "இது காங்கிரீட்டும்மா" என்று ஒரு முறை சொன்னேன். அண்ணாந்து பார்த்தார். பிறகு பாயை இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் தள்ளினார்.