பானெட்டில் பதிந்த கை

என் அத்தை செய்யாத தவறை அவள் செய்ததாகச் சொன்னவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்வது தப்பித்துக்கொள்வதற்காக அல்ல. பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

முழுப் பரீட்சை விடுமுறைக்குக் கொடைக்கானலில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். டாக்ஸி ஓட்டுவதற்காக மாமா ஒரு பழைய காரை வாங்கி, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தி, பழைய பெயின்ட்டையும் துருவையும் தானே சுரண்டிக்கொண்டிருந்தார். அத்தை கல்யாணமாகி வந்த முதல் வருடம் அது. அவள் பிறந்த பூம்பாறையில் நடக்கும் திருவிழாவுக்கு அந்தக் காரில் கூட்டிப்போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அவளும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்த்தாள். "எங்க ஊருக்குள்ள சொந்தக் கார்ல போயி எறங்குற மொதப் பொண்ணு நாந்தான், மருமகனே" என்பாள். மூக்கு நுனியில் துருப்பொடி ஒட்டியிருக்கும்.

மலையில், சுரண்டிய தகரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க முடியாது. மூடுபனியாக மஞ்சு இறங்கினால் விடிவதற்குள் துரு பூத்துவிடும். எண்ணெய் தடவி, கம்பளி போர்த்தி, மேலே தார்ப்பாய் போட வேண்டும், காய்ச்சல்காரனைக் கவனிப்பதுபோல. பானெட் பளபளவென்று வெறும் தகரமாக வந்த அன்று, பெயின்ட்டுக்கு முன் பூசும் பிரைமர் தீர்ந்துபோய்விட்டது. வாங்கிவர மாமா வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினார். மஞ்சு இறங்குமுன் மூடிவிடும்படி அத்தையிடம் சொல்லிப் போனார். அவள் மூடினாள். நான் பார்த்தேன்.

அவள் உள்ளே போனதும் எனக்கு அந்தப் பானெட்டில் முகம் பார்க்கும் ஆசை வந்தது. கையில் பிளம்ஸ் காய்கள், அவற்றுக்குத் தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்ப் பொடியும். தார்ப்பாயையும் கம்பளியையும் இழுத்துத் தள்ளினேன். எண்ணெயில் முகம் கலங்கித் தெரிந்ததால் சட்டை நுனியால் அதைத் துடைத்தேன். உப்புக் கைகளை ஊன்றி, வெகுநேரம் பல்லிளித்துப் பார்த்தேன். பிறகு அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லாம் மறந்துபோய் ஓடிவிட்டேன். மாமா திரும்பியபோது நடுராத்திரி ஆகிவிட்டது.

காலையில் பானெட் செம்மண் தரைபோலக் கிடந்தது. அத்தை எங்களுக்கெல்லாம் முன்பே எழுந்து, ஓரிடத்தை மட்டும் வெறிகொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். தன் தவறை மறைக்கிறாள் என்று மாமா நினைத்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

"ஏலே மாப்ள, நீ வீட்லதான இருந்த? இவ மூடுனாளா இல்லையா?"

"மூடல மாமா."

அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். குனிந்து உப்புத்தாளைத் தொடர்ந்து தேய்த்தாள்.

மறுபடி தேய்த்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பிரைமர் நிற்காது. "மாமனார் வீட்டுக்குத் தோலுரிச்ச வண்டியிலயா போறது? ஒரு தார்ப்பாய மூடத் துப்பில்ல, இவளுக்குத் திருவிழா ஒரு கேடு" என்றார் மாமா. பஸ்ஸில் போகவும் விடவில்லை. அந்த வருடம் அவள் போகவே இல்லை.

மாமா இப்போது இல்லை. போன வருடத் திருவிழாவுக்கு அத்தையை என் காரில் நானே அழைத்துப்போனேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"பானெட்டுல ரெண்டு கையி, எலிக்குஞ்சு கணக்காப் பதிஞ்சு கெடந்துச்சு. எனக்கா அம்புட்டுச் சின்னக் கை? ஒங்க மாமா பாத்தா ஒன்னயப் பிச்சு எடுத்துருவாருன்னுதான் வெள்ளனே போயி அத மொதல்ல தேச்சேன்."

"அப்ப நான் பொய் சொன்னப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல, அத்த?"

"என்னயத் திட்டத்தான செய்வாரு, மருமகனே" என்றாள்.

ஊர் முழுவதும் கீழே தெரியும் வளைவு வந்தபோது நிறுத்தச் சொன்னாள். "அந்த வருசத் திருவிழா அன்னைக்கு எங்க அப்பாரு இங்கனதான் நின்னாராம். எம்மக கார்ல வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிப்புட்டு. இருட்டுற மட்டும் நின்னாராம்."

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் கை என் முதுகில் விழும் என்பதுதான். இந்தச் சாலையின் முனையில் ஒருவர் நிற்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தை கதவைத் திறந்து இறங்கினாள். "கெளம்பலாம், ஏறுங்க" என்றேன். "அப்பாரு நடந்துதான திரும்பிப் போயிருப்பாரு" என்றவள் ஏறவில்லை. முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஊரை நோக்கி நடந்தாள். நான் காரைப் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.