பின்னால் கடல் இருந்த கோல்

எங்கள் ஊரான கரம்பொனில் நாங்கள் பந்தடித்த வெளியில் கோல் கம்பங்களுக்குப் பின்னால் கடல். “கடலுக்கை விட்டியெண்டால் நீதான்ரா நீந்தோணும்!” என்று என் அண்ணை கத்துவார். அதனால் எந்தப் பந்தையும் கோலுக்கு வெளியே தட்டிவிடாமல் எட்டிப் பிடித்தே பழகினேன்.

வளைகுடாவில் ஒரு கழகம் என்னைச் சம்பளத்துக்குக் கோல் கீப்பராக எடுக்கலாமா என்று பார்த்த அன்று, உயர வந்த பந்தைப் பிடிக்கப்போய், கை வழுக்கி உள்ளே விட்டேன். பயிற்சியாளருக்குக் கடற்கதையை இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் வீட்டில் அது படித்தவன் நான் மட்டுந்தான். அவர் சிரித்துவிட்டு, “இங்கே மணல்தானே, தட்டு!” என்றார்.

அடுத்ததைத் தட்டினேன். வேலை கிடைத்தது. ஆனாலும் தட்டும்போதெல்லாம் பந்து தண்ணீரில் விழும் சத்தத்துக்குக் காது காத்திருக்கும்.