காயாத ஈரக் கோடு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் நிறைய இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற நான், அண்ணனுக்காகப் போடும் நினைவு மலரில் இது வந்தாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் தோணிரேவில் பிறந்தார். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, ஏரியில் இறால் பிடித்தார். நைனா காலமான பிறகு, பத்தாவது முடித்திருந்த அண்ணன் ரயில்வே வேலைக்குப் போய், பிறகு கீமேன் ஆனார். தினமும் சுத்தியலும் சிவப்புக் கொடியும் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடு நடப்பார். இரும்புக்குள் ஓடும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எப்போதாவது மெஷின் தள்ளிக்கொண்டு வந்து சோதிப்பார்கள். மற்ற நாளெல்லாம் தட்டினால் வரும் சத்தமும், இணைப்புக்கு அடியில் நீட்டிப் பார்க்கும் சின்னக் கண்ணாடியும்தான்.

சந்தையில் பானை வாங்கினாலும் தட்டிப் பார்த்தே எடுப்பார். "என்னையும் தட்டிப் பாத்துதான் கட்டிக்கினியா?" என்று அண்ணி கேலி செய்வார்.

ஒரு மார்கழிக் காலை. இறால் கூடையோடு அண்ணியை அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் விட்டுவிட்டு, அண்ணனுக்குக் கஞ்சித் தூக்கோடு தண்டவாள ஓரமாக நடந்தேன். வெயிலில் பனி காய்ந்துவிட்டது. ஓர் இணைப்பின் அருகில் மட்டும் மயிரிழை போல ஈரக் கோடு ஒன்று காயாமல் நின்றது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். கரையேற்றிய படகில் மரமெல்லாம் காய்ந்த பிறகும் வெடிப்பில் மட்டும் ஈரம் நிற்கும். அதைப் பார்த்துத்தான் அடைப்போம்.

வண்டி ஊதியது. சற்றுத் தள்ளி நின்ற அண்ணன் கூப்பிட்டார்.

"டேய், இப்பிடி வாடா. இன்னா கீழயே பாத்துனு நிக்கிற?"

வாயைத் திறந்தேன். படகு கிளம்பும் நேரத்தில் வெடிப்பு, ஓட்டை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் பலித்துவிடும் என்று நைனா அடிப்பார். அந்த வண்டியில் அண்ணி இருந்தார். நான் சொல்லாமல் இருந்தால் அவர் தப்பித்துப் போவார் என்று என் புத்தி நினைத்தது.

பெட்டி பெட்டியாக அந்த இடத்தின் மேல் ஏறிப் போனது. கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கு சாய்ந்து கஞ்சி காலில் கொட்டியது. கடைசிப் பெட்டி போன பிறகுதான், "ண்ணா, அங்க வெடிப்பு" என்றேன்.

அண்ணன் தட்டினார். மற்ற இடத்தில் மணி போல ஒலித்த இரும்பு அங்கே மொத்தென்றது. கொடியை நட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். அடுத்த வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

"எப்படா பாத்த?"

"வண்டி வர்றதுக்கு முன்னாடியே."

அண்ணன் கருங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்கண்ணி அதுலதானே போறா," என்றார்.

முந்தின வண்டியை ஏன் விட்டாய் என்று மேலதிகாரி கேட்டபோது, "நான்தான் கவனிக்கல சார்," என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. வேலையில் அசால்ட்டாக இருந்தவர் என்று நம் சொந்தத்திலேயே பேசினார்கள். அவர்கள் பேசும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஒருநாளும் அசட்டையாக இருந்தவரில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

கடைசி நாட்களில் மூச்சு வாங்கப் படுத்திருந்தார். ரயில் சத்தம் கேட்டால் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பங்காளிகளுக்கும், லீவு போட்டு வந்து தோள்கொடுத்த அவருடைய ரயில்வே கேங் ஆட்களுக்கும், காரியம் முடியும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும் எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்:

"அன்னிக்கு ஜன்னலாண்ட ஒக்காந்துனு உங்க ரெண்டு பேருக்கும் கை காட்டினேன் தம்பி. அவரு சிரிச்சிக்கினே கை தூக்கினாரு. நீ கண்ண மூடினு நின்ன. வெயில் கூசுதுனு நெனச்சேன்."

எழுதி முடித்தது: மாசி மாதம், இரண்டாம் செவ்வாய்க்கிழமை.