மோட்டார் கொட்டகையில் மூன்று பேர்

காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து வேனில் கிளம்பினோம். பூம்புகாருக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். தண்ணீரைச் சோதிக்கும் கவிதா, ஊர்க்காரர்களிடம் பேசி எழுதும் சமூகவியல்காரர் செல்வம், வரைபடம் போடும் நான். ஒரே ஆய்வுக் குழு என்று பேர்தான். சேர்ந்து ஓர் ஊருக்கும் போனது கிடையாது.

கும்பகோணத்தில் காபி, முப்பது ரூபாய். ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் குடித்தோம். "கோர்ட்டுக்குப் போறவங்ககூட ரெண்டு வார்த்தை பேசிட்டு வருவாங்க சார்" என்றார் டிரைவர். எனக்குச் சுருக்கென்றது. காபி மட்டும் நன்றாக இருந்தது.

சண்டை இதுதான். பூம்புகாருக்குச் சற்று முன்னால் ஓர் ஊர். அங்கே மும்தாஜ் அக்காவின் போர்வெல் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது கவிதாவின் முடிவு. அதுதான் பயிரைக் கருக்குகிறது என்று ஊரே சொன்னதாகச் செல்வம் எழுதியிருக்கிறார். வாய்ப்பேச்சை வைத்து அறிக்கை எழுத முடியாது என்பார் கவிதா. ஊரைப் பாட்டிலில் அடைக்க முடியாது என்பார் செல்வம். படத்தில் அந்த இடத்துக்கு நீலமா சிவப்பா என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் முந்தின நாள் மும்தாஜ் அக்காவின் போன். கணவர் கத்தாரில்; குத்தகை நிலத்தை அக்காதான் பார்க்கிறார். போன குறுவையில் நாற்று கருகிப்போனது. ஆற்றுத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. "விதைநெல்லை ஊறப் போட்டாச்சு. ஆளுக்கொன்னு சொல்றீங்க. நான் விதைக்கவா, வேணாமா?"

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கவிதா மோட்டாரைப் போடச் சொல்லி, பத்து நிமிடம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடித்தார். உப்பை அளக்கும் மீட்டரில் 1.2. நாற்று இரண்டு வரை தாங்கும். பெட்டியை மூடினார். எப்போதும் அந்நேரமே பஸ் ஏறிவிடுவாராம். செல்வமோ எப்போதும் சாயங்காலம், ஜனங்கள் வயலிலிருந்து திரும்பிய பிறகு வருகிறவர். அன்று ஒரே வேன் என்பதால் யாரும் யாரையும் விட்டுப் போக முடியவில்லை.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மதியம் ஒன்றரைக்கு, "இன்னொரு தடவை பாருங்களேன்" என்றார் செல்வம், கெஞ்சாத குறையாக. கவிதா சலித்துக்கொண்டே கருவியை முக்கினார். 3.1. இன்னொரு முறை முக்கினார். அதேதான். அடியில் கிடக்கும் உப்பு நீர், மோட்டார் ஓட ஓட மேலே ஏறுகிறது என்றார், மெதுவாக. "நீங்க எழுதினது சரிதாங்க."

"உங்களோடதும்தாங்க" என்றார் செல்வம். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

கொட்டகையிலேயே உட்கார்ந்து மூன்று பேரும் ஒரே பதிலாகச் சொன்னோம்: விதைக்கலாம். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார், பிறகு மறுநாள்தான். நாற்றங்காலுக்கு அது போதும்.

அக்கா நம்பியும் நம்பாமலும் தலையாட்டிவிட்டு, மீன் குழம்பு பரிமாறினார். "போன தடவை தனித்தனியா வந்து, என்னை மூணு நாள் சமைக்க வச்சீங்க."

திரும்பும்போது நீலமும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், நேரத்தைக் காட்டும் படமாகப் போடலாம் என்று வழியெல்லாம் வாதாடினோம். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

எங்களுக்குள் ஒரு வாட்ஸாப் குரூப்கூட இருந்ததில்லை. தொடங்கியது மும்தாஜ் அக்காதான். சில நாள் கழித்து அதில் ஒரு படம் போட்டார்: நாற்றங்கால் முழுக்கப் பச்சை. கீழே ஒரு வரி: "மூணு பேரும் பாருங்க."