இரண்டு மஞ்சளுக்கு நடுவே

என் மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் கலர் பென்சில் கிடக்கிறது. சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுகூட மிஞ்சாத துண்டு. திருவள்ளூர் நகரமைப்பு அலுவலகத்தில் நான் வரைவாளனாக இருந்தபோது, எங்களுக்கு அதிகாரியாக வந்த மேடத்துடையது. என்னைவிட வயதில் சின்னவர், அதே மாவட்டத்து வள்ளூர்க்காரர். ஜீப் என்றாலே அவருக்கு ஆகாது. “எறங்குங்க சார், நடந்து பாத்தாதான் தெரியும்” என்பார். அந்த வெயிலில் அவர் பின்னால் போய்க்கொண்டே மனசுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை.

அப்படி நடந்துதான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அந்தக் கிராமத்தைப் பார்த்தோம். ஸ்டேஷனை ஒட்டி ஊர், அதற்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலை, அதற்கும் பின்னால் காலனி. ஊரில் நெல் நிலம் உள்ளவர்கள். காலனியில் ஒரு காலத்தில் அந்த நிலங்களில் கூலிக்கு உழைத்து, இப்போது தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்ப்பவர்கள். ரயிலைப் பிடிக்க அவர்கள் தொழிற்சாலை மதிலைச் சுற்றிக்கொண்டு, லாரிகள் பறக்கும் ரோட்டோரமாகத்தான் வந்தாக வேண்டும். அந்த ரோட்டில்தான், இட்லி விற்கும் நாஷ்டா வண்டி போட்டிருந்த காலனி அக்கா ஒருவரின் கணவரை லாரி அடித்துப் போட்டது. இப்போது மகள் அதே ரோட்டில் வேலைக்குப் போய்வருகிறாள். “அவ ஊடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல மேடம். உள்ளாற ஒரு வழி வுட்டா போதும்” என்றார் அந்த அக்கா.

எங்கள் வரைபடத்தில் வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைக்குக் கத்தரிப்பூ நிறம். “பாத்தீங்களா சார், ஊரும் மஞ்சள், காலனியும் மஞ்சள். மேப்புக்கு வித்தியாசம் தெரியல” என்று மேடம் சிரித்தார். நடுவிலிருக்கும் கத்தரிப்பூ நிறத்தை மாற்றிவிட வேண்டும். கீழே கடை, மேலே வீடு, குறுக்கே வண்டி நுழையாத ஒரு நடைபாதை, காலனியிலிருந்து ஊர்த் தெரு வழியாக ஸ்டேஷன் வரைக்கும். இதுதான் திட்டம். அறிவிப்பில் வழக்கமான பெயரையே போட்டோம்: ‘கலப்பு உபயோக மண்டலம்’.

வினை அந்தப் பெயரில் இருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஊரின் முன்னாள் தலைவர் அறிவிப்பை ஆட்டிக்கொண்டே எழுந்தார்.

“கலப்புன்னா இன்னா மேடம்? கலப்புக் கல்யாணம் பண்ணி வைக்க வந்துகிறீங்களா?”

பந்தலே கொதித்தது. ஐயோ, கலப்பது கடையும் வீடும்தான் என்று நான் கத்தியது யார் காதில் விழுந்தது? கடைசி வரிசையில் அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. பேஜாரு வேண்டாம், கடையும் வீடும் இருக்கட்டும், பாதையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார்கள். மறுநாள் காலையில் மேடம் என் மேசைக்கு வந்து, ‘கலப்பு’ என்ற சொல்லை அடித்துவிட்டுப் ‘பல்பயன்’ என்று எழுதச் சொன்னார். “வார்த்தைய அவங்க எடுத்துக்கட்டும் சார். வழிய வுடக் கூடாது.” பிறகு இந்தப் பென்சிலால் இரண்டு மஞ்சளையும் சேர்த்து, பாதையை அழுத்தி வரைந்தார்.

அடுத்த கூட்டத்தில் எதையும் மறைக்கவில்லை. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். முன்னாள் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடம் முழுக்கத் தேடினார்.

“கலப்புன்னு எங்கியும் இல்லியே?”

“இல்லீங்க.”

“அப்பச் சரி” என்று உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேடம் மேசைக்கடியில் என் காலை நன்றாக மிதித்தார்.

பாதைக்குக் கல் பதிக்கும் முன்பே அவரைத் தெற்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். போகும்போது பென்சிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் இல்லாத அலுவலகம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு, போன வாரம்தான் அங்கே போனேன். பென்சிலும் சட்டைப் பையில் இருந்தது. பாதையோரம் அக்காவின் நாஷ்டா கடை, மாடியிலேயே வீடு. வெளியே சிமெண்டு பெஞ்சில் முன்னாள் தலைவர் உட்கார்ந்து, “இன்னாம்மா, சட்னில ஒறப்பே இல்ல” என்று குறை சொல்லிக்கொண்டே நாலாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. யாருக்கோ வழி சொன்னார்: “ஸ்டேஷன்ல எறங்கி நேரா கலப்பு ரோட்டுல வா நைனா.”

“இன்னா ரோடு?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“அதான் சார் பேரு. அன்னிக்கிக் கூட்டத்துல கத்துனாங்களே, அதுலேருந்து ஊரு முச்சூடும் அப்டித்தான் சொல்லுது.”

அங்கேயே நின்று மேடத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரலில் கேட்டார்:

“வார்த்தையும் வந்துடுச்சா சார்?”