மாடத்தில் வைத்த ஏழாம் நம்பர் கம்பி

லாரி கிளீனர், கரும்பு வெட்டு, பரோட்டாக் கடை எடுபிடி என்று சுற்றிவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு பாயாகச் சேர்ந்தேன். படிப்பு ஆறாவது. அங்கே டாக்டரம்மா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது: ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு ஆபரேஷனில் வழி வைத்தால், தினம் இரண்டு வேளை எண்ணெய் தடவிய எவர்சில்வர் கம்பியை அதில் விட்டு எடுக்க வேண்டும். நிறுத்தினால் தழும்பு இறுகி வழி சுருங்கிவிடும்.

வழி விரிய விரிய அடுத்த நம்பர், இன்னும் தடித்த கம்பி. கல்வராயன் மலைச் சடையனின் பெண் குழந்தைக்கு அப்போது ஏழாம் நம்பர். அப்படியே கையில் கொடுத்திருக்கலாம். நான் அதைப் புது மஞ்சள் துணியில் சுற்றி, குரலைத் தாழ்த்தி, “இதுலதாம்பா உன் பொண்ணு உயிரு இருக்குது” என்றேன்.

எட்டாம் நம்பருக்கு வரவேண்டிய நாளில் அவர்கள் வரவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். டாக்டரம்மா எட்டாம் நம்பரைக் கொடுத்து என்னை அனுப்பினார். ஏழே நுழையவில்லை என்றால் அழுத்தாதே, குழந்தையைத் தூக்கி வந்துவிடு என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி ரோட்டில் ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் என் பையைச் சோதித்தார்.

“இன்னா கம்பிடா இது?”

சொன்னேன். சட்டென்று கம்பியை என் கையில் திணித்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு யோசித்து, “மெட்ராஸுக்குப் பெரிய சைஸ்ல ஒண்ணு அனுப்பு. எங்க மனு அங்கதான் அடச்சிக்கினு கீது” என்றார்.

சடையன் வீட்டில் கம்பி சாமி மாடத்தில் இருந்தது. மஞ்சள், குங்குமம், பூ. தினம் இரண்டு வேளை கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். வேளை தவறவில்லை. குழந்தை வயிறுதான் பானையாக உப்பியிருந்தது. மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை.

“டாக்டரம்மா செய்யலாம்ணே,” என்றாள் தாய். “உயிர் இருக்கிறதப் போயி நாங்க எப்படி அங்க விடறது?”

கம்பியைக் கழுவி எண்ணெய் தடவி வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினோம்.

மீசைக்காரரே குழந்தையை வாங்கி, புளியமரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்ற தாயிடம் கொடுத்தார். அங்கே அவருடைய டிராக்டர் நின்றது. வழியில் மற்ற மரங்களை அவர் திட்டிக்கொண்டே சுற்றி ஓட்டினார்.

டாக்டரம்மா மயக்கம் கொடுத்து, ஐந்தாம் நம்பரில் தொடங்கி வழியை விரித்தார். வாசலில் காத்திருந்த மீசைக்காரர், “போச்சா?” என்றார்.

“போச்சுங்க. டாக்டரம்மா புடவையெல்லாம் போச்சு.”

“அப்ப எங்க மனு மட்டுந்தான் பாக்கி,” என்று டிராக்டரைக் கிளப்பினார்.

அதன்பிறகு நான் எந்தக் கம்பியையும் துணியில் சுற்றியதில்லை. எண்ணெய்ப் புட்டியோடு டம்ளரில் போட்டு, பல் விளக்கும் பிரஷ் மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்வேன். என் கண்முன் தாய் ஒருமுறை செய்து காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவேன். உயிர் என்ற பேச்சையே எடுப்பதில்லை.